தொலைபேசியில் கேட்கும் தீ

லண்டனின் விம்போல் தெரு மருத்துவர்களுக்குப் பேர்போனது. 1935 நவம்பர் 10 அன்று அங்கே ஒரு மருத்துவரின் வீடு தீப்பற்றிக்கொண்டது. அக்கம்பக்கத்தில் குடியிருந்த ஒருவர் போனை எடுத்து எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டார். பதில் இல்லை. அவருக்கு முன்னால் வேறு அழைப்புகள் வரிசையில் நின்றன. வீடு எரிந்துகொண்டிருக்க, அவர் ரிசீவரைக் காதில் வைத்தபடி காத்துக்கொண்டிருந்தார். அந்தத் தீயில் ஐந்து பெண்கள் இறந்துபோனார்கள்.

ஆத்திரம் தாங்காத அந்த மனிதர் 'தி டைம்ஸ்' நாளிதழின் ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார். விவகாரம் அரசு விசாரணை வரை போயிற்று. எக்ஸ்சேஞ்சின் இணைப்புப் பலகையில் எல்லா அழைப்புகளும் ஒரே மாதிரி விளக்குகளாகத்தான் எரிந்தன. முடிதிருத்தும் கடையில் நேரம் கேட்க வந்த அழைப்புக்கும், வீடு எரிகிறது என்று அலற வந்த அழைப்புக்கும் அங்கே வித்தியாசம் இல்லை. எதை முதலில் எடுப்பது என்று பலகைக்கு முன் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு எப்படித் தெரியும்?

இதற்கு விடையாக வந்ததுதான் 999. 1937 ஜூன் 30 அன்று லண்டனில் அது நடைமுறைக்கு வந்தது. அந்த எண்ணை யாராவது சுழற்றினால் எக்ஸ்சேஞ்சில் சிவப்பு விளக்கு மின்னும். கூடவே ஒரு ஊதுகுழல் அலறும். சத்தம் பொறுக்கமுடியாமல் ஆபரேட்டர்கள் அதன் வாயில் டென்னிஸ் பந்தைச் செருகி அடக்கினார்கள் என்று ஒரு கதை உண்டு. முதல் வாரத்திலேயே ஆயிரத்துக்கும் மேற்பட்ட அழைப்புகள் வந்தன. விளையாட்டுக்குக் கூப்பிட்டவர்களும் அதில் உண்டு.

ஏன் மூன்று ஒன்பது? அந்தக் காலத்துச் சுழல் டயலில் ஒவ்வோர் எண்ணும் அத்தனை மின்துடிப்புகளாகக் கம்பியில் பயணம் செய்யும். 1 என்றால் ஒரே துடிப்பு. காற்றில் இரண்டு கம்பிகள் உரசிக்கொண்டாலே அப்படி ஒரு துடிப்பு பிறந்துவிடும். 111 என்று வைத்திருந்தால் காற்றடிக்கும் நாளெல்லாம் பொய் அழைப்புகள் வந்திருக்கும். பூஜ்ஜியம் ஏற்கெனவே ஆபரேட்டருக்குப் போய்விட்டது. பொதுத் தொலைபேசிகளில் காசு போடாமலே 9-ஐச் சுழற்றும்படி மாற்றுவது சுலபமாக இருந்தது. இருட்டில் விரலால் தடவிக் கண்டுபிடிப்பதும் எளிது. நியூசிலாந்து பின்னாளில் 111-ஐத் தேர்ந்தெடுத்தது. அங்கே டயலில் எண்கள் தலைகீழ் வரிசையில் இருந்தன. 1-ஐச் சுழற்றினால் கம்பியில் போனது ஒன்பது துடிப்புகள்தான். எக்ஸ்சேஞ்ச் இயந்திரத்துக்கு இரண்டும் ஒன்றே.

தீயணைப்பு என்றதும் கண்முன் வருவது சிவப்பு வண்டி, நீண்ட ஏணி, பீறிடும் தண்ணீர். ஆனால் அந்தத் தண்ணீர் தீயைத் தொடுவதற்கு முன்பே ஒரு செய்தி பல கைகள் மாறியிருக்கிறது. பதறுகிற ஒருவர் வாயிலிருந்து, தீயைப் பார்க்கவே முடியாத ஒருவர் காதுக்கு. அங்கிருந்து, இன்னும் பார்க்காத ஓர் அதிகாரிக்கு. எரியும் நகரத்தில் தண்ணீருக்குப் பஞ்சம் வருவது குறைவு. செய்திக்குத்தான் அடிக்கடி பஞ்சம் வருகிறது.

காலி நாற்காலிகளின் கணக்கு

விம்போல் தெருவில் நடந்ததைக் கணக்காக எழுதமுடியும் என்பதை அதற்குக் கால் நூற்றாண்டு முன்பே ஒருவர் காட்டியிருந்தார். ஆக்னர் எர்லாங் டென்மார்க்கைச் சேர்ந்த கணிதர்; கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்தவர். இத்தனை இணைப்புகளுக்கு எத்தனை கம்பிகள், எத்தனை ஆபரேட்டர்கள் போதும் என்று நிறுவனம் தெரிந்துகொள்ள விரும்பியது. 1909-இல் எர்லாங் வெளியிட்ட கட்டுரையிலிருந்துதான் வரிசைக் கோட்பாடு என்ற கணிதத் துறையே பிறந்தது.

அதன் சாரத்தை ஒற்றை டிக்கெட் கவுன்ட்டரை வைத்துப் புரிந்துகொள்ளலாம். ஒருவருக்கு டிக்கெட் கொடுக்கச் சராசரியாக 2 நிமிடம் ஆகிறது. ஆட்கள் நினைத்த நேரத்துக்கு வருகிறார்கள். கவுன்ட்டரில் இருப்பவர் பாதி நேரம் வேலையாக இருந்தால், வருகிறவர் சராசரியாக 2 நிமிடம் காத்திருக்க வேண்டும். கவுன்ட்டரில் இருப்பவருக்கு 80 சதவீத நேரம் வேலை இருந்தால் காத்திருப்பு 8 நிமிடம். 90 சதவீதம் என்றால் 18 நிமிடம். வேலை இரண்டு மடங்குகூட ஆகவில்லை. காத்திருப்பு ஒன்பது மடங்கு ஆகிவிட்டது. அழைப்புகள் சீராக வராமல் கொத்துக்கொத்தாக வருவதால் வரும் வினை இது.

ஆகவே அவசர அழைப்பு மையத்தில் நான்கு பேர் போனைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தால் அது விரயம் இல்லை. ஊழியர்களை முழுநேரமும் வேலையாக வைத்திருக்கிற மையத்தில், ஒரு பெரிய விபத்து நடந்த மறுநிமிடமே அழைப்புகள் தேங்கத் தொடங்கும்.

இதே கணக்கு வண்டிகளுக்கும் உண்டு. 1960-களின் இறுதியில் நியூயார்க் நகரத்தில் தீ அழைப்புகள் தாறுமாறாகப் பெருகின. போர் உத்திகளை ஆராய்வதில் பெயர்பெற்ற ராண்ட் நிறுவனத்தின் கணிதர்களை நகராட்சி அழைத்தது. பீட்டர் கோலசார், எட்வர்ட் பிளம் இருவரும் 1973-இல் ஒரு விதியை வெளியிட்டார்கள்: தீயணைப்பு வண்டி ஓடவேண்டிய சராசரித் தூரம், அந்தப் பகுதியில் அந்த நேரத்தில் காலியாக இருக்கும் வண்டிகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் இருக்கும். தூரத்தைப் பாதியாக்க வேண்டுமானால் வண்டிகளை நான்கு மடங்காக்க வேண்டும். வரைபடத்தில் எத்தனை நிலையங்கள் இருக்கின்றன என்பது இந்தச் சூத்திரத்தில் வராது. இப்போது எத்தனை வண்டிகள் சும்மா நிற்கின்றன என்பதே வரும்.

கணக்கு சரியாக இருந்தும் அதைப் பயன்படுத்திய விதம் சர்ச்சைக்குள்ளானது. பண நெருக்கடியில் இருந்த நகரம் சில நிலையங்களை மூடியபோது, தெற்கு பிராங்ஸ் போன்ற ஏழைப் பகுதிகளும் அதில் சிக்கின. அந்தப் பத்தாண்டில் பிராங்ஸ் தெருத்தெருவாக எரிந்தது. எந்த எண்ணைச் சூத்திரத்தில் போடுவது என்பதைக் கணிதம் தீர்மானிப்பதில்லை.

போன் வழியே நீளும் கை

வண்டி ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் அழைப்பை எடுத்தவர் என்ன செய்வார்? நெடுங்காலம் வரைக்கும் முகவரியைக் குறித்துக்கொண்டு போனை வைப்பதுதான் வழக்கம். அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் ஜெஃப் கிளாசன் என்ற மருத்துவர் 1979-இல் அதை மாற்றினார். எந்தக் கேள்வியை முதலில் கேட்க வேண்டும், பதிலுக்கேற்ப என்ன செய்யச் சொல்ல வேண்டும் என்று அட்டைகளில் எழுதிக் கொடுத்தார். இன்று பல நாடுகளின் அழைப்பு மையங்களில் கணினித் திரையில் வரும் கேள்விகள் அந்த அட்டைகளின் பேரப்பிள்ளைகள்.

இதில் உயிர்காக்கும் பகுதி, இதயத்துடிப்பு நின்றுபோகும் நிலைக்கானது. இதயம் நின்றுபோனவருக்கு யாரும் நெஞ்சை அழுத்திவிடாமல் கடக்கும் ஒவ்வொரு நிமிடமும் அவர் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 சதவீதம் வரை குறைக்கிறது. ஆம்புலன்ஸ் எட்டு நிமிடத்தில் வந்தாலும் அதற்குள் பெரும்பகுதி போய்விடும். ஆகவே அழைப்பை எடுப்பவர் இரண்டே கேள்விகள் கேட்கிறார்: நினைவு இருக்கிறதா? மூச்சு இயல்பாக இருக்கிறதா? இரண்டுக்கும் இல்லை என்றால் உடனே நெஞ்சை அழுத்தச் சொல்கிறார்; நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, போனில் எண்ணிக்கொண்டே.

இரண்டாவது கேள்வியில் 'இயல்பாக' என்ற சொல்தான் முக்கியம். இதயம் நின்ற சிலர் முதல் சில நிமிடங்களுக்கு விட்டுவிட்டு இழுப்பார்கள். குறட்டை போல, விக்கல் போல ஒரு சத்தம். பக்கத்தில் இருப்பவர் "மூச்சு இருக்கு, இழுக்கறார்" என்பார். நல்ல பயிற்சி பெற்ற ஊழியர் அதை நம்பமாட்டார்; போனை விழுந்துகிடப்பவரின் வாயருகே கொண்டுபோகச் சொல்லி, தானே கேட்பார்.

காற்றுக்குக் காத்திருக்கும் அறை

இவ்வளவு அவசரம் ஏன்? தீயின் கடிகாரம் முன்பைவிட வேகமாக ஓடுகிறது என்பதால்.

அமெரிக்காவின் யு.எல். ஆய்வகத்தில் ஒரே அளவுள்ள இரண்டு வரவேற்பறைகளைக் கட்டினார்கள். ஒன்றில் பழைய காலத்து மர நாற்காலிகள், பஞ்சு மெத்தைகள், பருத்தித் துணி. இன்னொன்றில் இன்று கடையில் வாங்குகிற ஃபோம் சோபா, செயற்கை இழைத் திரைச்சீலை, பிளாஸ்டிக் சாமான்கள். இரண்டு சோபாக்களிலும் மெழுகுவத்தியால் தீ வைத்தார்கள். பழைய அறை முழுதாகப் பற்றிக்கொள்ள 29 நிமிடங்களுக்கு மேல் ஆயிற்று. புதிய அறைக்கு நான்கு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை.

முழுதாகப் பற்றுவது என்றால் ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது இல்லை. சூடான புகை கூரையடியில் படலமாகத் தேங்குகிறது. அதன் வெப்பம் 500, 600 டிகிரியை எட்டும்போது, அந்தப் படலமே கீழ்நோக்கிக் கனன்று தரைவிரிப்பையும் மேசையையும் ஆவி கக்க வைக்கிறது. ஒரு கணத்தில் அறையில் உள்ள எல்லாமும் சேர்ந்து எரிகின்றன. இதை ஃபிளாஷ்ஓவர் என்கிறார்கள். முழுக் கவசம் அணிந்த வீரரும் அதற்குள் சில விநாடிகளுக்கு மேல் தாங்கமாட்டார்.

பாலியூரித்தேன் ஃபோம் எண்ணெயிலிருந்து பிறந்த பொருள். எரியும் குணமும் அப்பன் குணம்தான். எரியும்போது கார்பன் மோனாக்சைடோடு ஹைட்ரஜன் சயனைடும் வரும். தீயில் சாகிறவர்களில் பலர் நெருப்பு தொடுவதற்கு முன்பே புகையில் இறந்துவிடுகிறார்கள்.

நவீன அறையின் இன்னொரு குணம், அது சீக்கிரமே மூச்சுத் திணறுவது. 1917-இல் தார்ன்டன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி ஒரு விந்தையைக் கவனித்தார். மரமோ பெட்ரோலோ பிளாஸ்டிக்கோ, எது எரிந்தாலும் செலவாகிற ஒரு கிலோ ஆக்சிஜனுக்குக் கிடைக்கும் வெப்பம் ஏறத்தாழ ஒரே அளவுதான். இன்றைய கணக்கில் 13.1 மெகாஜூல். ஆகவே கதவு சன்னல்கள் சாத்திய அறையில் தீயின் வலிமையைத் தீர்மானிப்பது சோபாவின் அளவு இல்லை. உள்ளே வரும் காற்றின் அளவு. ஆக்சிஜன் தீர்ந்ததும் சுவாலை அடங்கிவிடும். சூடும், எரியக்கூடிய புகையும் அப்படியே இருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தீ அணைந்துவிட்டது போலத் தெரியும். அந்த நேரத்தில் கதவைத் திறப்பவர் உண்மையில் எரிபொருள் குழாயைத் திறக்கிறார்.

2012-இல் நியூயார்க் துறைமுகத்தின் கவர்னர்ஸ் தீவில், ஆளில்லாத பழைய வீடுகளை ஆராய்ச்சியாளர்களும் நகரத் தீயணைப்பு வீரர்களும் வேண்டுமென்றே கொளுத்திப் பார்த்தார்கள். கண்ணாடியை உடைத்துப் புகையை வெளியேற்றினால் வீடு குளிரும் என்ற பழைய நம்பிக்கை அங்கே ஆட்டம் கண்டது. தண்ணீர் தயாராக இல்லாமல் திறந்த சன்னல், தீயைப் பெருக்கியது. வெறும் மரக்கதவு ஒன்றைச் சாத்தி வைத்த அறையோ, உள்ளே ஆள் பிழைத்திருக்கும் அளவுக்குக் குளிர்ச்சியாக இருந்தது.

தண்ணீரின் கணக்கும் சுவையானது. 20 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீர் முழுக்க ஆவியாக ஏறத்தாழ 2.6 மெகாஜூல் வெப்பத்தை விழுங்கும். எரியும் ஒரு பெரிய சோபா உச்சத்தில் நொடிக்கு இரண்டு, மூன்று மெகாஜூல் வெப்பம் கக்கும். காகிதத்தில் பார்த்தால் நொடிக்கு ஒரு லிட்டர் போதும். பிறகு ஏன் வண்டி வண்டியாகத் தண்ணீர்? பாய்ச்சுவதில் பெரும்பகுதி கொதிக்காமலே சுவரில் வழிந்து வாசல் வழியே ஓடிவிடுகிறது. கொதித்தாலும் ஆபத்து: தண்ணீர் நீராவியாகும்போது சுமார் 1,700 மடங்கு விரிகிறது, சிறிய அறையில் அது திரும்பி வந்து பீச்சுகிறவரையே வேகவைக்கும். சுவீடன் வீரர்கள் 1980-களில் பழகிய முறையில் குழாயை ஒரு விநாடி திறந்து உடனே மூடுவார்கள். பூத்தூறலாகத் துளிகள் புகைப்படலத்துக்குள் போய்ச் சூட்டைத் தின்னும். தண்ணீர் குறைவு; கை நிதானம் அதிகம்.

வழக்கத்துக்கு மாறான அமைதி

அதிகாரி வண்டியிலிருந்து இறங்குகிறார். அடுத்த அரை நிமிடத்தில் அவர் முடிவெடுக்க வேண்டும். எப்படி எடுக்கிறார்?

உளவியலாளர் கேரி கிளைன் 1980-களில் அமெரிக்கத் தீயணைப்பு அதிகாரிகளிடம் இதைத்தான் கேட்டார். குறைந்தது இரண்டு வழிகளையாவது ஒப்பிட்டுப் பார்ப்பார்கள் என்று எதிர்பார்த்துப் போனார். ஒப்பிடுவதெல்லாம் கிடையாது, நாங்கள் முடிவெடுப்பதே இல்லை என்ற பொருளில் பதில் வந்தது. பார்த்ததும் இது எந்த வகைத் தீ என்று புரிகிறது. அதற்குச் செய்யவேண்டியதும் கூடவே மனத்தில் வருகிறது. அது இங்கே பலிக்குமா என்று ஒரு முறை மனத்தில் ஓட்டிப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

கிளைன் பதிவு செய்த ஒரு சம்பவம் பிரசித்தம். ஒற்றை மாடி வீடு, சமையலறையில் தீ. அதிகாரி தன் ஆட்களோடு உள்ளே போய்த் தண்ணீர் பாய்ச்சுகிறார். தீ தணியவில்லை. மறுபடி பாய்ச்சுகிறார், அப்போதும் இல்லை. என்னவோ சரியில்லை என்று பட, எல்லோரையும் வெளியே போகச் சொல்கிறார். வெளியே வந்த சிறிது நேரத்தில், அவர்கள் நின்றிருந்த தரை இடிந்து விழுகிறது. கீழே நிலவறை இருந்ததும், தீயின் மூலமே அங்குதான் என்பதும் அவருக்குத் தெரியாது. தனக்கு ஏதோ ஞானதிருஷ்டி இருப்பதாகவே அவர் நம்பினார். கிளைன் துருவிக் கேட்டபோது விஷயம் வெளிப்பட்டது. சமையலறைத் தீ இவ்வளவுக்குச் சுடாது. ஆனால் அறை கொதித்தது. அவ்வளவு சூடான தீ இரைய வேண்டும். ஆனால் அறை அமைதியாக இருந்தது. தரை சத்தத்தை மறைத்துக்கொண்டிருந்தது. காரணம் தெரியுமுன் பொருத்தமின்மை தெரிந்துவிட்டது.

இந்த அறிவைச் சுமக்கும் உடலும் விலை கொடுக்கிறது. மூச்சுக்கருவியும் கவசமுமாக இருபது கிலோவுக்கு மேல் சுமந்து மாடி ஏறுகிறவரின் இதயம் உச்ச வேகத்தில் துடிக்கும். வியர்வை வெளியேற வழியில்லை. 2007-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, பணியில் இதயநோயால் இறந்த வீரர்களில் 32 சதவீதம் பேர் தீயை அணைக்கும் வேலையின்போது இறந்ததாகச் சொன்னது. ஓராண்டில் அவர்கள் அந்த வேலையில் செலவிடும் நேரம் மொத்தப் பணிநேரத்தில் 1 முதல் 5 சதவீதம்தான். உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2022-இல் தீயணைப்புத் தொழிலையே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று முதல் பிரிவில் சேர்த்தது.

படுத்துக்கொண்ட சுவாலை

பழகிய கண்ணும் ஏமாறும். 1987 நவம்பர் 18 மாலை, லண்டன் கிங்ஸ் கிராஸ் சுரங்க ரயில் நிலையத்தில் மரப்படிகள் கொண்ட ஒரு எஸ்கலேட்டரின் அடியில் புகை வருவதைப் பயணி ஒருவர் பார்த்துச் சொன்னார். மணி ஏறத்தாழ 7:30. யாரோ போட்ட தீக்குச்சி இடுக்கு வழியே விழுந்து, அடியில் பல ஆண்டுகளாகச் சேர்ந்திருந்த கிரீசிலும் தூசியிலும் பற்றியிருந்தது. தீயணைப்பு வண்டிகள் வந்தபோது எரிந்தது ஓர் அட்டைப்பெட்டி அளவுதான். நிலைய அதிகாரி காலின் டவுன்ஸ்லி இறங்கிப் பார்த்தார். 7:45-க்கு, அந்தச் சிறிய தீ திடீரென்று படிக்கட்டின் முழு நீளமும் சீறி மேலேறி டிக்கெட் கூடத்தை விழுங்கியது. 31 பேர் இறந்தார்கள். டவுன்ஸ்லியும் அவர்களில் ஒருவர்.

ஏன் அப்படி ஆயிற்று என்று எந்தப் பாடப்புத்தகமும் சொல்லவில்லை. இங்கிலாந்தின் ஹார்வெல் ஆய்வகத்தில் கணினியில் தீயைப் போலச் செய்து பார்த்தபோது, சுவாலை மேல்நோக்கி எழாமல் படிகளோடு படிகளாகப் படுத்துக்கொண்டு ஓடியது. கணினி நிரலில்தான் பிழை என்று பலர் நினைத்தார்கள். பிறகு பக்ஸ்டனில் மூன்றில் ஒரு பங்கு அளவில் எஸ்கலேட்டர் மாதிரி கட்டி எரித்தார்கள். அங்கேயும் சுவாலை படுத்தது. 30 டிகிரிச் சாய்வும் இருபக்கத் தடுப்புகளும் சேர்ந்து ஒரு வாய்க்காலாக மாறி, சூடான காற்றைத் தரையோடு ஒட்டி இழுத்துச் சென்றன. சுவாலை போகுமுன்பே மேற்படிகள் வெந்து ஆவி கக்கத் தயாராகியிருந்தன. இதற்கு 'அகழி விளைவு' என்று பெயர் வைத்தார்கள். டவுன்ஸ்லி பார்த்தது பொய்யில்லை. அந்தக் காட்சிக்கு என்ன பொருள் என்பது அன்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. லண்டன் சுரங்க ரயிலின் கடைசி மர எஸ்கலேட்டர் 2014-இல்தான் ஓய்வு பெற்றது.

காதும் கண்ணும் சந்திக்காத இரவு

2017 ஜூன் 14, நள்ளிரவு கடந்து 12:54. மேற்கு லண்டனில் 24 மாடிக் கிரென்ஃபெல் கோபுரத்தின் நான்காம் தளத்திலிருந்து முதல் அழைப்பு வந்தது. ஒரு வீட்டின் குளிர்பதனப் பெட்டி எரிந்தது. ஐந்து நிமிடத்தில் வண்டிகள் வந்துவிட்டன. அந்த வீட்டுச் சமையலறைத் தீயை வீரர்கள் அணைக்கவும் செய்தார்கள். ஆனால் தீ அதற்குள் சன்னல் வழியே வெளியேறிக் கட்டடத்தின் மேற்போர்வையைப் பிடித்துக்கொண்டிருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் அழகுக்கும் குளிர்காப்புக்கும் போர்த்திய தகடுகள் அவை: இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பாலிஎத்திலீன், அதாவது பிளாஸ்டிக். 1:27-க்குள் சுவாலை உச்சி மாடியைத் தொட்டுவிட்டது.

பிரிட்டனில் உயர்ந்த குடியிருப்புகளுக்கு ஒரு வழக்கம் உண்டு: உன் வீடு எரியாவிட்டால் வீட்டுக்குள்ளேயே இரு. அது மூடத்தனம் இல்லை. ஒவ்வொரு வீடும் தீ தாங்கும் கான்கிரீட் பெட்டி. ஒரு பெட்டியில் எரிவது அடுத்ததற்குப் பரவ நேரம் எடுக்கும். அதற்குள் வீரர்கள் அணைத்துவிடுவார்கள். எல்லோரும் ஒரே சமயத்தில் ஒரே படிக்கட்டில் இறங்கினால் நெரிசலும் புகையும் கொல்லும். பெட்டிகள் பெட்டிகளாக இருக்கும்வரை இந்த அறிவுரை சரி. கிரென்ஃபெல்லில் தீ வெளிச்சுவர் வழியே ஏறி ஒவ்வொரு பெட்டியின் சன்னலையும் தட்டியது.

கீழே நின்றவர்கள் கட்டடம் பந்தமாக எரிவதைக் கண்ணால் பார்த்தார்கள். லண்டன் தீயணைப்புப் படையின் கட்டுப்பாட்டு அறை ஊழியர்களோ அன்று வழக்கமான மெர்ட்டனில் இல்லாமல், ஸ்ட்ராட்ஃபோர்டில் இருந்த மாற்று அறையில் இருந்தார்கள். கட்டடம் அவர்கள் கண்ணில் படவில்லை. அவர்களுக்குக் குரல்கள் மட்டுமே கேட்டன. பதினான்காம் தளத்தில் புகை, இருபத்திரண்டில் சன்னல் உருகுகிறது என்று மாடி மாடியாகத் தகவல் வந்துகொண்டிருந்தது. எல்லாப் பெட்டிகளும் உடைந்துவிட்டன என்பதற்கு அந்த அழைப்புகளே சாட்சி. ஆனால் ஒவ்வொரு ஊழியரும் தன் காதில் கேட்ட ஒரே ஒரு வீட்டோடு கட்டுண்டிருந்தார். உதவி வருகிறது, உள்ளேயே இருங்கள் என்று பலரிடம் சொன்னார்கள்.

எர்லாங்கின் கணக்கு இங்கே திரும்பி வருகிறது. சாதாரண அழைப்பு ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும். புகைக்குள் சிக்கியவரின் அழைப்பை வைத்துவிட முடியாது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் நீண்ட அழைப்பும் அன்று உண்டு. ஊழியர்கள் அனைவரும் அப்படிப் பிடிபட்டுவிட, நிரம்பி வழிந்த அழைப்புகள் கென்ட், எசெக்ஸ் போன்ற வேறு மாவட்டங்களின் அறைகளுக்குத் திருப்பிவிடப்பட்டன. கிரென்ஃபெல் எப்படி இருக்கும் என்றே அறியாத அந்த ஊழியர்கள் தங்களுக்குத் தெரிந்த பொது அறிவுரையைச் சொன்னார்கள்.

எதிர்த்திசையிலும் செய்தி தடுமாறியது. எந்த வீட்டில் எத்தனை பேர் சிக்கியிருக்கிறார்கள் என்று கட்டுப்பாட்டு அறை சொல்வதை, வெளியே நின்ற வண்டியில் ஒருவர் துண்டுச் சீட்டில் எழுதுவார். இன்னொருவர் அதை எடுத்துக்கொண்டு கட்டடத்துக்குள் ஓடுவார். உள்ளே அதைச் சுவரில் எழுதி வைத்தார்கள். வானொலிக் கருவிகள் கான்கிரீட்டுக்குள் திணறின. மேலே வட்டமிட்ட காவல்துறை ஹெலிகாப்டரின் படம் தீயணைப்பு அதிகாரிகளின் திரையில் வரவில்லை. சீட்டு போய்ச் சேரும்போது அந்த வீட்டில் இருந்தவர்கள் பக்கத்து வீட்டுக்கோ மேல் மாடிக்கோ போயிருப்பார்கள்.

உள்ளேயே இருங்கள் என்ற அறிவுரை 2:47-க்குக் கைவிடப்பட்டது. விசாரணைக்குத் தலைமை தாங்கிய சர் மார்ட்டின் மூர்-பிக் 2019 அக்டோபரில் வெளியிட்ட முதல் அறிக்கையில், 1:30-க்கும் 1:50-க்கும் இடையே அதைக் கைவிட்டிருக்க வேண்டும் என்றார். 72 பேர் இறந்தார்கள். எட்டு ஆண்டுகளுக்கு முன், 2009 ஜூலையில், அதே நகரத்தின் லக்கானல் ஹவுஸ் தீயில் ஆறு பேர் இறந்திருந்தார்கள். அப்போதும் அழைப்புகளை எப்படிக் கையாள்வது என்ற பாடம் எழுதிவைக்கப்பட்டிருந்தது.

எந்த மாடி?

கிரென்ஃபெல்லுக்குப் பிறகு லண்டன் படை 64 மீட்டர் ஏணி வண்டிகளை வாங்கியது. சிக்கியவர்கள் தலையில் மாட்டிக்கொண்டு புகைக்குள் இறங்கிவர, வடிகட்டி வைத்த முகமூடிகளை வீரர்கள் இப்போது எடுத்துச் செல்கிறார்கள். துண்டுச் சீட்டுகளுக்குப் பதிலாகக் கட்டுப்பாட்டு அறையும் களமும் ஒரே திரையைப் பார்க்கும் ஏற்பாடு வந்தது.

கூப்பிடுகிறவர் எங்கே இருக்கிறார் என்ற கேள்விக்கு ஸ்மார்ட்போன்கள் பாதி விடை தந்துவிட்டன. 2014-இல் பிரிட்டனில் தொடங்கிய ஒரு முறையில், அவசர எண்ணை அழுத்தியதுமே போன் தன் இருப்பிடத்தைக் குறுஞ்செய்தியாக மையத்துக்கு அனுப்பிவிடும். நம்மூரில் 101-ஐயோ 112-ஐயோ கூப்பிட்டு "பிள்ளையார் கோயிலுக்கு எதிர்ச் சந்து, ரேஷன் கடை தாண்டி" என்று சொல்லும் வழக்கத்தை எண்ணிப்பார்த்தால் இதன் அருமை புரியும். ஆனால் செயற்கைக்கோள் தரையில் ஒரு புள்ளியைக் காட்டும். ஒரு கோபுரத்தின் எல்லா மாடிகளும் அந்த ஒரே புள்ளியில்தான் இருக்கின்றன.

அதனால்தான், 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இங்கிலாந்தின் புதிய தீப்பாதுகாப்பு விதிகள் உயர்ந்த குடியிருப்புகளிடம் கேட்பவற்றில் மிக மலிவான ஒன்றும் இருக்கிறது. படிக்கட்டின் ஒவ்வொரு திருப்பத்திலும் அது எந்தத் தளம், எந்தெந்த எண்ணுள்ள வீடுகள் என்று பலகை வைக்க வேண்டும். மங்கலான வெளிச்சத்திலும், புகைக்குள் டார்ச் அடித்தாலும் அது படிக்கத் தெரிய வேண்டும். மேலே சிக்கியவர் "பதினான்கு" என்று போனில் சொல்கிறார். கட்டுப்பாட்டு அறை அதை அப்படியே அனுப்புகிறது. புகைக்குள் மூச்சுக்கருவி இரைய மாடிகளை எண்ணிக்கொண்டே ஏறுகிற வீரருக்கு எண்ணிக்கை தவறிவிடுகிறது. அவர் டார்ச்சைத் திருப்பிச் சுவரில் அடிக்கிறார். அங்கே 14 என்று எழுதியிருக்கிறது.